நான்கு படங்கள் குறைவு

மாணவர் விடுதி, சென்னை
27-2-1975

டேய் பக்தா,

நேற்றும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசலில் உன் அண்ணி செங்கம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் குப்பத்து ஆள் ஒருவர் எழுந்து வந்து, "நீ போய்டு தம்பி. இங்க வந்து பேஜாரு பண்ணாதே" என்றார். கையில் அத்தா கொடுத்தனுப்பிய சாத்துக்குடிப் பை. அதைக் கீழே வைக்கவும் தைரியம் இல்லை, எடுத்துக்கொண்டு திரும்பவும் மனசு இல்லை. கடைசியில் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டே நடந்தேன்.

கங்காதரன் அண்ணன் எப்படி இருக்கிறார்? அதை மட்டுமாவது எழுது. பேச்சு வந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். நிஜமா, என்னை அனுப்பிவைக்கச் சொன்னதா, தெரியவில்லை. கால் அசைகிறதா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரே காட்சிதான் எனக்கு. திருப்போரூரில் என் மாமுவின் வறண்ட கிணறு. மேலே குறுக்குக் கட்டையில் நம் ஆராய்ச்சிப் பெட்டி தொங்குகிறது. உள்ளே கண்ணாடிக் குழாய், தண்ணீர், காற்று, நரசிம்மன் சாரின் சினிமா காமிரா. கீழே உன் அண்ணன் கட்டிய மீன்வலை. நான்கு தடவை பெட்டியை விழவிட்டோம். நான்கு தடவையும் வலை அலுங்காமல் ஏந்திக்கொண்டது. ஐந்தாவது தடவை நீ "வுடு" என்றாய். நான் நைலான் கயிற்றை பிளேடால் அறுத்தேன். அண்ணன் இன்னும் கீழே குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது, பக்தா. நான் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னாய், நான் அறுத்தேன். நம் ஏற்பாடே அதுதானே? சண்டைக்காகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குப்பத்தில் என்னை ஏதோ கொலைகாரன் மாதிரிப் பேசுகிறார்களாம். நீ ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் அடங்கிவிடும்.

சார் உன்னைக் கேட்டார். ரிப்போர்ட் ஏப்ரல் பதினேழுக்குள், இருவர் கையெழுத்தோடு. இருபத்தொன்றாம் தேதி வாய்மொழித் தேர்வு. இதெல்லாம் இப்போது உன் காதில் ஏறாது. இருந்தாலும் ஐந்து வருஷப் படிப்புடா. உங்கள் குப்பத்திலிருந்து இஞ்சினீயரிங்குக்கு வந்த முதல் ஆள் நீ. எப்படியாவது வந்துவிடு.

கியாசுதீன்


அரசு ஆஸ்பத்திரி, செங்கல்பட்டு
4-3-1975

கியாஸ்,

கேட்டதற்குப் பதில். அண்ணன் உயிரோடு இருக்கிறார். பேசுகிறார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் தினமும் காலையில் உள்ளங்காலில் சாவியால் கீறிப் பார்க்கிறார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஆரம்பிக்கலியா சார்?" என்கிறார். டாக்டர் அதற்குள் நான்கு தடவை கீறி முடித்திருப்பார்.

உணர்ச்சி திரும்பினால் நடப்பாராம். எப்போது திரும்பும் என்று கேட்டால் கையை விரிக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

நான் "வுடு" என்றேன் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். சொந்த அண்ணன் கிணற்றுக்குள் இருக்கும்போது எவனாவது அந்தச் சொல்லை உன்னைப் பார்த்துச் சொல்வானா? எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்தச் சொல்லை வைத்ததே நம் திமிர். சார் தலைதலையாய் அடித்துக்கொண்டார், இங்கிலீஷில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுங்கள் என்று. "நாம இன்னா ராக்கெட்டா வுடறோம்?" என்று நாம்தான் சிரித்தோம். எங்கள் குப்பத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அது. மீன் நழுவினால் வுடு, சண்டை வந்தால் வுடு, குழந்தை அழுதால் வுடு. அதைப்போய் அடையாளச் சொல்லாக வைத்தோம் பார், நாம் படித்த படிப்புக்கு அது ஒன்றே சான்று.

எங்கள் ஊர்த் தலைவர் நாட்டார் சொல்லிவிட்டார், நீ குப்பத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நானும் மறுத்துப் பேசவில்லை. பழம் அனுப்ப வேண்டாம் என்று உன் அத்தாவிடம் சொல். அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

பக்தவச்சலம்


மாணவர் விடுதி, சென்னை
11-3-1975

பக்தா,

உன் கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சரி, நீ சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் எதைக் கேட்டேன்? ஐந்து வருஷமாக ஒரே அறையில் உன்னோடு படுத்து எழுந்திருக்கிறேன். தூக்கத்தில் நீ உளறினால்கூட எந்தப் பரீட்சைக்கு உளறுகிறாய் என்று சொல்லிவிடுவேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?

காமிரா ஓட ஆரம்பித்துவிட்டால் நம்மிடம் எவ்வளவு நேரம் என்று உனக்கும் தெரியும். ஒரு விநாடிக்கு அறுபத்துநான்கு படம். ஒரு சுருள் முழுசும் முப்பது விநாடியில் தீர்ந்துவிடும். ஐந்தாவது தடவைக்கு மிஞ்சியிருந்தது ஆறோ ஏழோ விநாடி. "அண்ணாத்த ஏறிகினு கீறாரு" என்று நீ சொன்னாய். அதைக் கேட்டுத்தான் காமிராவைத் தட்டிவிட்டேன். அதையும் சொல்லவில்லை என்பாயா?

உன்மேல் பழி போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் என்மேல் மட்டும் இருந்தால் தாங்கமாட்டேன். அம்மா என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், வீட்டில் நோயாளி இருக்கிற மாதிரி. அத்தா கடையில் கயிறு கேட்டு யார் வந்தாலும் எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். அந்த நைலான் கயிறு நம் கடையிலிருந்து எடுத்ததுதானே.

படச்சுருளைக் கோடம்பாக்கத்தில் கழுவக் கொடுத்திருக்கிறேன். பெட்டி நொறுங்கிவிட்டது. காமிராவின் கண்ணாடி உடைந்தாலும் சுருள் தப்பிவிட்டது. அண்ணனுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம்.

உன் பதில் எவ்வளவு சுடுசொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

கியாஸ்


நெம்மேலிக்குப்பம்
19-3-1975

கியாஸ்,

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதை வீட்டிலும் செய்யலாம் என்றார்கள். பஸ்ஸில் படுக்கவைக்க முடியாது என்பதால் மீன் ஏற்றும் வண்டியில் கொண்டுவந்தோம். வழியெல்லாம், "நானே மீனா பூட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தார். வண்டிக்காரனும் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

நான் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், அண்ணன் இடத்தில். அண்ணன் ஒரு நாளில் கற்றதை நான் பத்து நாளில் கற்கிறேன் என்று கூட வருகிறவர் சொல்கிறார். உள்ளங்கை இரண்டும் பிய்ந்துவிட்டது. பேனா பிடிக்கத்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது, உன்னிடம்தான் சொல்ல முடியும். அண்ணனுக்கு குளுகோஸ் ஏற்றினார்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டது. அண்ணி பதறிப்போய், "அது உள்ள போச்சுன்னா இன்னா ஆவும்?" என்று என்னைக் கேட்டாள். நர்ஸ் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். குமிழ் சிணுங்கிக்கொண்டு மேலே ஏறிப்போய்விட்டது. இஞ்சினீயரிங் படிக்கிற நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விழுகிற பெட்டிக்குள், எடை இல்லாத இடத்தில், காற்றும் தண்ணீரும் எப்படி ஓடும் என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோமே. எடை இருக்கிற இடத்தில் நம்மால் என்ன செய்ய முடிந்தது? அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு நான் வரமாட்டேன். படத்தையும் நீ பார்க்காதே. கடலில் போடு.

பக்தவச்சலம்


மாணவர் விடுதி, சென்னை
2-4-1975

பக்தா,

பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. என்னைத் திட்டு.

முதல் நான்கும் குப்பை. ஒன்றில் விளக்கு மங்கிவிட்டது, இரண்டில் பெட்டி சுழன்று படம் கலைந்துவிட்டது, நான்காவதில் குழாயில் காற்றே வரவில்லை. ஐந்தாவதுதான் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. படுக்கவைத்த குழாயில் காற்று மேல்பக்கமும் தண்ணீர் கீழ்ப்பக்கமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கயிறு அறுந்ததும் காற்று அப்படியே நகர்ந்து நடுவுக்கு வருகிறது. தண்ணீர் சுற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. மேல் எது கீழ் எது என்று இரண்டுக்கும் தெரியவில்லை. நாம் ஒரு வருஷமாகக் காத்திருந்தது அதுதான். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வெட்கமாகவும் இருந்தது.

பிறகு சார் சொன்னபடி ஒவ்வொரு படமாக எண்ணினேன். நம் கிணற்றில் பெட்டியிலிருந்து வலை வரை பதினாறு மீட்டர். அவ்வளவு தூரம் விழ ஆகும் நேரத்தில் நூற்றுப்பதினாறு படம் விழ வேண்டும். முதல் நான்கிலும் சரியாக அவ்வளவு இருக்கிறது. ஐந்தாவதில் நூற்றுப்பன்னிரண்டு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். நூற்றுப்பன்னிரண்டுதான். பெட்டி நான்கு படம் முன்னதாகவே எதன்மேலோ மோதிவிட்டது.

நான்கு படத்துக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஒரு மீட்டர். குனிந்து முடிச்சுப் போடுகிற ஆளின் முதுகு வலையிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும்.

சார் இதை ரிப்போர்ட்டில் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார். நம்மிடம் வேறு படம் இல்லை. நம் கணக்கில் உன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், பக்தா. இதை நான் எப்படி எழுதுவது? எழுதாவிட்டால் நீயும் நானும் பாஸ் ஆக முடியாது. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

கியாஸ்


நெம்மேலிக்குப்பம்
14-4-1975

கியாஸ்,

வருஷப்பிறப்பு. குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. அதனால் எழுத நேரம் கிடைத்தது. எழுதாமல் இருக்க இனிமேல் சாக்கு இல்லை.

அன்றைக்கு அண்ணன் இரண்டு படி ஏறியவர் மறுபடி இறங்கினார். "ஒரு முடிச்சு லூசா கீதுடா" என்றார். காலையிலிருந்து எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார்! வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "அது கெடக்குது, வுடுண்ணா. ஏறி வா" என்றேன்.

நான்தான் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னேன். பாவப்பட்டுச் சொன்னேன். அதற்குள் உன் பிளேடு அறுத்துவிட்டது. கிணற்றுக்குள் எதிரொலித்த சொல்லில் நீ வேறென்ன கேட்டிருக்க முடியும்? நீ நம் ஏற்பாட்டின்படிதான் செய்தாய். உன்மேல் குற்றம் இல்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பொய் சொல்லவில்லை, ஆனால் கேள்வி கேட்கிற மாதிரி எழுதித் தப்பித்துக்கொண்டேன். கோழை.

அண்ணனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "வாயைத் தொறக்காதே. அந்தப் பையன் அவன் வூருக்குப் பூடுவான். நீ இந்த வூட்ல இருக்கணும். ஒங்க அண்ணி மூஞ்சில முழிக்கணும்" என்றார். இடுப்புக்குக் கீழே செத்துக் கிடந்துகொண்டு எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார். நான் தலையாட்டினேன். நாட்டார் உன்னை வரக் கூடாது என்றபோதும் தலையாட்டினேன். அண்ணி உன்னைச் சபிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறேன். தொண்டையில் இறங்குகிறது பார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ரிப்போர்ட்டின் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நூற்றுப்பன்னிரண்டு என்றே எழுது. உண்மையை எங்கேயாவது ஒரு இடத்திலாவது எழுதிவைக்கலாம். நான் தேர்வுக்கு வரவில்லை. டிகிரி போகட்டும். கட்டுமரத்தை நிறுத்தினால் இங்கே அடுப்பு நின்றுவிடும்.

அண்ணிக்கு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. நீயாவது நிம்மதியாக இரு.

பக்தா


செங்கல்பட்டு
24-4-1975

பக்தா,

தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் பெயரை அழைத்தார்கள். வரவில்லை என்று சார் சொன்னார். ஒரு கோடு போட்டார்கள். அவ்வளவுதான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனுஷர். படத்தைப் போட்டுக் காட்டியதும் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "கிணற்றில் எடுத்ததா! சபாஷ்" என்றார். பிறகு அட்டவணையைப் பார்த்தார். "ஐந்தாவதில் ஏன் நான்கு படம் குறைவு?" என்று கேட்டார்.

நான் அட்டவணையை நோக்கிக் குனிந்துகொண்டேன். சார் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நான் பதில் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும், "அந்தத் தடவை வலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டார்கள்" என்று அவரே சொன்னார். தேர்வாளர் தலையாட்டிவிட்டு, அப்படியே ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். என் கையாலேயே உன் அண்ணனை வலை என்று எழுதினேன். முதல் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் முடியவில்லை. நீ என்னைக் குற்றமற்றவன் என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்று முயற்சி செய்து பார்த்தேன். முடியாது.

நான் உன்னைப் பார்த்தேன், பக்தா. காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியது பொய். உன் முகம் கிணற்றுக்குள் இருந்தது, என் பக்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் நீ என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் "வுடு" என்பாய். அந்தத் தடவை திரும்பவில்லை. "வுடு" என்ற சொல்லுக்குப் பின்னால் "ண்ணா" என்று வந்ததும் என் காதில் விழுந்தது. நீ என்னை அண்ணா என்று எப்போது கூப்பிட்டிருக்கிறாய்?

காமிரா கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுருள் தீர்ந்துவிடும், ஒரு வருஷ உழைப்பு போய்விடும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சொல் வந்தது. எனக்கு இல்லை என்று தெரிந்தது. எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அரை விநாடிகூட இருக்காது. ஆனால் தெரிந்தது.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நாட்டார் என்ன செய்தாலும் சரி, மே நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணியிடம் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதில் பொய் இல்லை. நீ வாயைத் திறக்கவே வேண்டாம்.

கியாசுதீன்


நெம்மேலிக்குப்பம்
1-5-1975

கியாஸ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஓடிவந்து உன்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. சாயங்காலம் அது போய்விட்டது. மறுநாள் மறுபடி வந்தது. இனிமேல் இப்படித்தான் வந்து போகும் என்று நினைக்கிறேன்.

நேற்று அண்ணியிடம் என் பங்கைச் சொல்லிவிட்டேன். உன் பங்கையும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "எனக்கு மொத நாளே தெரியும். ஒங்க அண்ணன் மயக்கத்துல ஒளறிகினே கெடந்துச்சு" என்றாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு அவனைத் தொரத்தினே?" என்று கேட்டேன்.

"யாரையாச்சும் தொரத்தணும்ல. ஒன்னைத் தொரத்த முடியுமா?" என்றாள். அதற்கப்புறம் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். செதில் எல்லாம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆக இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டு இரண்டு மாசம் ஓட்டியிருக்கிறோம். தெரிந்து என்ன ஆகப்போகிறது? டாக்டர் போன வாரம் வந்து மறுபடி கீறிப் பார்த்தார். இனிமேல் அவர் வரமாட்டாராம். அவசியம் இல்லையாம். அண்ணன் அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறார்.

நாட்டாரிடம் அண்ணியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் உன்னைத் தடுக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வா. வந்து அழுவது, காலில் விழுவது, அதெல்லாம் செய்யாதே. யாருக்கும் அதைப் பார்க்கத் தெம்பு இல்லை. காலையில் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். நான் கடலுக்குப் போயிருப்பேன், அண்ணி ஒருத்தியால் முடியாது. எட்டு மணிக்குள் வந்துவிடு.

பக்தா